பரணில் கிடைத்த 0/35



கொஞ்சம் நீளமான பதிவு. காலையில் ஆபீஸ் கிளம்புகிற அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள். வழக்கம்போல நடுவில் கணக்கும் வரும்.

போன மாதம் வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தோம். பித்தளை அண்டா, ஓடாத டேபிள் ஃபேன், பழைய கணக்கு நோட்டுகள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பிராட்பேண்டு மோடம். அதன் அடிப்பக்கம் ஒட்டியிருந்த வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிய இரண்டு எண்கள்: 0, 35. பேரன் எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது பாஸ்வேர்டா?" என்றான்.

பாஸ்வேர்டு இல்லை. 2007-ல் நம் வீட்டுக்கு லேண்ட்லைன் வழியாக இன்டர்நெட் வந்தபோது லைன்மேன் எழுதி ஒட்டியது. மகளோடு கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசலாம் என்ற ஆசையில் வாங்கியது. ஒருநாள் நான் அதிகப்பிரசங்கித்தனமாகப் பின்பக்கம் இருந்த சின்ன ஓட்டையில் ஊக்கை விட்டு அழுத்திவிட்டேன். எல்லா செட்டிங்கும் அழிந்து ஒரு வாரம் நெட் இல்லை. லைன்மேன் வந்தார், சிரித்தார், "விபிஐ பூஜ்யம், விசிஐ முப்பத்தஞ்சு. இத மறக்காதீங்க வாத்தியாரே" என்று சொல்லிவிட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனார். உங்களில் பலர் வீட்டிலும் இதே எண்ணைத்தான் போட்டிருப்பீர்கள். பிஎஸ்என்எல்லின் டேட்டாஒன் இணைப்பு வைத்திருந்தவர்களுக்கு இது கிட்டத்தட்ட மனப்பாடம்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று நான் அப்போது யோசிக்கவில்லை. இப்போது யோசித்தேன். யோசித்ததும் ஒரு பழைய மாணவன் நினைவுக்கு வந்தான். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் எண்ணின் கதை.

1980-களின் பின்பாதி. உலகம் முழுக்கத் தொலைபேசித் துறையினருக்கு ஒரு பெரிய கனவு. பேச்சுக்கு ஒரு வலை, தந்திக்கும் டெலக்ஸுக்கும் ஒரு வலை, கம்ப்யூட்டர் தகவலுக்கு இன்னொன்று, டிவிக்கு வேறொன்று என்று தனித்தனியாகக் கம்பி இழுப்பது எதற்கு? எல்லாவற்றையும் ஒரே வலையில் அனுப்பினால் என்ன? கண்ணாடி இழை வந்துவிட்டது, இடம் இருக்கிறது. ஆனால் அனுப்பவேண்டிய சரக்குகளின் குணம் வேறு வேறு. பேச்சு கொஞ்சம்தான், ஆனால் தாளம் தப்பாமல் போய்ச் சேர வேண்டும். கம்ப்யூட்டர் தகவல் மொத்தமாக வரும், கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லை. பழைய தொலைபேசி முறையில் இருவர் பேச ஆரம்பித்தால் அவர்களுக்கென்று ஒரு பாதையை முழுதாக ஒதுக்கிவிடுவார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்டுக்கொண்டுதானே இருப்பார்? அந்தப் பாதி சும்மா கிடக்கும். வீண்.

மறுபக்கம், கம்ப்யூட்டர்காரர்களின் பொட்டல முறை. தகவலைப் பொட்டலமாகக் கட்டி, முகவரி ஒட்டி, யார் வந்தாலும் போகலாம் என்று ஒரே கம்பியில் விடுவது. வீண் குறைவு. ஆனால் ஒரு பெரிய பொட்டலத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பேச்சுத் துணுக்கு மாட்டிக்கொண்டால் காத்திருந்தே ஆக வேண்டும்.

நம்ம ஊர் ரயில்வே கேட் உங்களுக்கு மறந்திருக்காது. முதல் பீரியடுக்கு லேட்டாக வந்த பாதிப் பேர் சொன்ன காரணமே அதுதான். நெல் மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டி ஊர்ந்து போகும். சைக்கிளில் நிற்கிறவனுக்கு அந்தப் பக்கம் போக இரண்டு நொடி போதும், ஆனால் கூட்ஸின் கடைசிப் பெட்டி தாண்டும்வரை நின்றுதான் தீர வேண்டும். பேச்சுத் துணுக்கு சைக்கிள். தகவல் பொட்டலம் கூட்ஸ்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெரிய பொட்டலம் 1500 பைட். எட்டால் பெருக்கினால் 12,000 பிட். நொடிக்கு 64,000 பிட் போகிற கம்பியில் அது கடந்து முடிக்க 187.5 மில்லி விநாடி. நேருக்கு நேர் பேசுவது போல இருக்க வேண்டுமானால் ஒரு பக்கத் தாமதம் மொத்தமே 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்பது தொலைபேசிக்காரர்களின் கணக்கு. ஒரு கேட்டிலேயே அதற்குமேல் போய்விட்டால் மற்ற கேட்டுகளுக்கு என்ன மிச்சம்?

அதற்கு அவர்கள் கண்ட வழிதான் ஏடிஎம். பணம் எடுக்கிற மெஷின் இல்லை. அசின்க்ரனஸ் டிரான்ஸ்ஃபர் மோட். அந்த மாணவன் முதலில் இந்தப் பெயரைச் சொன்னபோது, பேங்க் வேலைக்குப் போகப்போகிறான் என்றுதான் நானும் நினைத்தேன். கூட்ஸ் வண்டியைத் தனித்தனிப் பெட்டியாகக் கழற்றிவிடுவது இதன் தந்திரம். எல்லாப் பெட்டியும் ஒரே அளவு, சின்ன அளவு. ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவில் ஒரு சைக்கிள் புகுந்து போய்விடலாம். இந்தப் பெட்டிக்கு 'செல்' என்று பெயர். எல்லாம் ஒரே அளவு என்பதால் சந்திப்பில் பிரித்து அனுப்பும் சிப்பையும் எளிதாக, வேகமாக ஓடும்படி செய்யலாம். 1988-ல் ஜெனீவாவில் இருக்கும் சிசிஐடிடி என்ற பன்னாட்டுத் தொலைபேசி அமைப்பு, வருங்கால வலை இதுதான் என்று ஏற்றுக்கொண்டது. இன்று அதற்கு ஐடியு-டி என்று பெயர்.

சரி, பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? இங்கேதான் சண்டை.

பேச்சு நொடிக்கு 8000 பைட்டாக மாறுகிறது. ஆகவே 64 பைட் பெட்டி நிரம்ப 8 மில்லி விநாடி, 32 பைட் பெட்டி நிரம்ப 4 மில்லி விநாடி. பெட்டி நிரம்பிய பிறகுதான் கிளம்பும். தாமதம் கூடினால் நாம் பேசியது மறுமுனையில் பட்டுத் திரும்பி நம் காதிலேயே எதிரொலியாகக் கேட்கும். அதை அழிக்கத் தனிக் கருவி உண்டு, செலவு. பிரான்ஸ் அளவான நாடு. பெட்டி சின்னதாக இருந்தால் அந்தக் கருவி இல்லாமலே நாடு முழுதும் சமாளித்துவிடலாம் என்று பிரெஞ்சுக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். அதனால் ஐரோப்பா 32 கேட்டது. அமெரிக்கா கிழக்கிலிருந்து மேற்கு வரை பரந்த நாடு. தூரத்தாலேயே எதிரொலி வந்துவிடும், கருவி ஏற்கெனவே போட்டாயிற்று. அவர்களுக்குப் பெரிய பெட்டிதான் லாபம். அதனால் அமெரிக்கா 64 கேட்டது.

1989-ல் எப்படி முடித்தார்கள் தெரியுமா? இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தார்கள். 48! அதன் தலையில் முகவரிக்கு 5 பைட். மொத்தம் 53. எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று இரண்டின் அடுக்குகளோடு வாழ்கிற கம்ப்யூட்டர் உலகத்துக்கு ஒரு பகா எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பாகப்பிரிவினைப் பஞ்சாயத்தில் கிணற்றின் நடுவே கோடு கிழிப்பது போல. இரண்டு பக்கமும் திருப்தி இல்லை, ஆனால் சண்டை முடிந்தது.

அந்த ஐந்து பைட் தலைப்புக்குள்தான் நம்முடைய 0-வும் 35-ம் இருந்தன. விபிஐ என்பது மூட்டை எண், விசிஐ என்பது மூட்டைக்குள் கட்டு எண். ஆர்எம்எஸ்ஸில் தபால் பிரிப்பதைப் பார்த்தவர்களுக்குச் சொன்னதும் புரியும். பெரிய சந்திப்பில் மூட்டையோடு தூக்கிப் போடுவார்கள், சின்ன ஊரில்தான் மூட்டையை அவிழ்ப்பார்கள். முழு முகவரியையும் ஒவ்வொரு இடத்திலும் படிக்க வேண்டியதில்லை. நல்ல யோசனை. இன்றும் நல்ல யோசனைதான்.

இனி அந்த மாணவன். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஐம்பது வயதுக்காரனை அவன் இவன் என்று எழுதுகிறேன், கோபிக்க மாட்டான். நம் பள்ளியில் பிளஸ் டூ, பிறகு சென்னையில் பி.இ., அதன்பின் அமெரிக்காவில் எம்.எஸ். 1996 டிசம்பர் லீவில் ஊருக்கு வந்தவன் ஒரு சாயந்தரம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தான். கையில் இரண்டு வேலை. ஒன்று ஏடிஎம் சுவிட்ச் செய்கிற பெரிய கம்பெனி. இன்னொன்று ஈதர்நெட் சுவிட்ச் செய்கிற சின்ன கம்பெனி. எதில் சேரட்டும் சார் என்றான்.

எனக்கு இரண்டும் தெரியாது. அவனையே விளக்கச் சொன்னேன். ஏடிஎம்மில் தகவல் கிளம்புவதற்கு முன்பே பாதையைப் பேசி முடித்துவிடுவார்கள், எவ்வளவு வேகம், எவ்வளவு தாமதம் என்று ஒப்பந்தமே உண்டு, சொன்ன சொல் தவறாது என்றான். ஈதர்நெட் எப்படி என்று கேட்டேன். 1973-ல் ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் தொடங்கிய முறை. ஒரே கம்பியில் எல்லோரும் இருப்பார்கள். யாரும் பேசவில்லை என்று தெரிந்தால் பேசலாம். இருவர் ஒரே நேரத்தில் ஆரம்பித்து மோதிக்கொண்டால் இருவரும் நிறுத்திவிட்டு, ஆளுக்கு ஒரு இஷ்டப்படியான நேரம் காத்திருந்து மறுபடி முயல வேண்டும். இப்போது சுவிட்ச் வந்து மோதல் குறைந்துவிட்டது, ஆனால் எந்த உத்தரவாதமும் கிடையாது என்றான்.

நான் முப்பது வருஷம் வகுப்பறையில் நின்றவன். கை தூக்கி அனுமதி வாங்கிப் பேசுகிற வகுப்பும், கத்தி மோதி ஓய்கிற வகுப்பும் என் கண்முன் வந்தன. "இதுல யோசிக்க என்னப்பா இருக்கு? ஒழுங்கு எங்க இருக்கோ அங்க போ" என்றேன். அவன் பெரிய கம்பெனியில் சேர்ந்தான்.

நான் ஒருவன் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. 1991-ல் தொடங்கிய ஏடிஎம் ஃபோரத்தில் உலகின் பெரிய கம்பெனிகள் ஒன்றுவிடாமல் சேர்ந்திருந்தன. மேசை மீதிருக்கும் கம்ப்யூட்டர் முதல் கடலடிக் கேபிள் வரை இனி ஏடிஎம்தான் என்று எழுதினார்கள். பிட்ஸ்பர்கில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த நால்வர் 1990-ல் தொடங்கிய ஃபோர் சிஸ்டம்ஸ் என்ற ஏடிஎம் கம்பெனியை, அவர்கள் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததுதான் அந்த 'ஃபோர்', 1999-ல் பிரிட்டனின் ஜிஇசி சுமார் 450 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. அத்தனை நம்பிக்கை.

பின் ஏன் இன்று ஏடிஎம் என்றால் பணம் எடுக்கிற மெஷின் மட்டும் நினைவுக்கு வருகிறது?

மோடம் கிடைத்த அன்று ராத்திரி அவனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். உடனே போன் வந்தது. ஒன்றரை மணி நேரம் பேசினான். கீழே இருப்பதில் பெரும்பாலும் அவன் சொன்னது. கணக்கு மட்டும் நான் நோட்டில் போட்டுச் சரிபார்த்தது.

முதலில் வீண். ஒவ்வொரு 53-லும் 5 தலைப்புக்குப் போகிறது. சதவீதத்தில் 9.4. இதற்கு 'செல் வரி' என்றே கேலிப்பெயர் வைத்தார்கள். சாதாரண இன்டர்நெட் பொட்டலம் 1500 பைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சேர்க்கிற 8 பைட்டோடு 1508. 48-ஆல் வகுத்தால் முப்பத்தொன்றும் கொஞ்சமும் வரும். பாதிப் பெட்டி அனுப்ப முடியாது, ஆகவே 32 பெட்டி. 32 × 53 = 1696 பைட். 'வந்து சேர்ந்தது' என்று மட்டும் சொல்கிற 40 பைட் குட்டிப் பொட்டலம் இருக்கிறதே, அது 8-ஐச் சேர்த்தால் 48, ஒரே பெட்டியில் கச்சிதமாக உட்காரும். ஆனால் உள்ளே இருப்பது என்ன வகை என்று சொல்லும் இன்னொரு 8 பைட்டையும் சேர்ப்பது பல இடங்களில் வழக்கம். அப்போது 56. இரண்டு பெட்டி, 106 பைட். நாற்பதுக்கு நூற்றாறு!

ஒரு வேடிக்கை. தகவலைப் பெட்டியில் அடைக்க முதலில் செய்த முறை மிகச் சிக்கலாக இருந்தது. 48-லும் 4 பைட்டைத் தின்றுவிடும். அதைப் பொறுக்காமல் கம்ப்யூட்டர்காரர்கள் வேறொரு முறை கொண்டுவந்தார்கள். அதற்கு அவர்கள் முதலில் வைத்த பெயரின் பொருளே 'எளிய, சிக்கனமான' முறை என்பதுதான். அதுதான் மேலே சொன்ன 8 பைட் முறை. பிற்பாடு ஏஏஎல்-5 என்று நம்பர் போட்டுவிட்டார்கள். பெயரில் எளிமை இருந்தது அந்தக் குடும்பத்திலேயே அது ஒன்றுக்குத்தான்.

அடுத்து, பெட்டி தொலைந்தால் என்ன ஆகும்? 32 பெட்டியில் ஒன்று நெரிசலில் விழுந்தால் மீதி 31-ஆல் பயன் இல்லை. முழுப் பொட்டலத்தையும் மறுபடி அனுப்ப வேண்டும். ஆனால் வலைக்கு அது தெரியாதே? உதவாத 31 பெட்டியையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த வீண் பெட்டிகளே இன்னும் நெரிசலைக் கூட்டும். ஆலின் ரோமனோவ், சாலி ஃப்ளாய்ட் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் 1994-ல் இதை அளந்து காட்டினார்கள். இடம் குறையும்போது ஒரு பொட்டலத்தின் எல்லாப் பெட்டிகளையும் முதலிலேயே சேர்த்துத் தள்ளிவிடுங்கள் என்று தீர்வும் சொன்னார்கள். நல்ல தீர்வு. ஆனால் கவனித்தீர்களா, செல்லுக்கு மட்டும் கணக்குப் பார்க்க வேண்டிய சுவிட்ச் இப்போது பொட்டலத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டும். பெட்டி எளிது, பெட்டியைச் சுற்றி எல்லாம் சிக்கல்.

நெரிசல் வராமலே தடுக்க இன்னொரு ஏற்பாடு, ஏபிஆர். வழியில் எவ்வளவு இடம் காலி என்று தெரிந்துவர ஏறக்குறைய 32 செல்லுக்கு ஒரு தூதுவன் செல் போகும். ஒவ்வொரு சுவிட்சும் அதில் 'இவ்வளவுதான் அனுப்பலாம்' என்று எழுதித் திருப்பும். இந்தப் பங்கீட்டை நியாயமாகச் செய்ய அற்புதமான கணிதம் எழுதினார்கள். அதில் பேர்பெற்றது ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராஜ் ஜெயின் குழு செய்த எரிகா. அந்தக் குழுவில் நம் சென்னை ஐஐடியில் பி.டெக். முடித்துப் போன ஷிவ்குமார் கல்யாணராமனும் இருந்தார். என் மாணவன் வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் செய்தது இந்த ஏபிஆர் வேலைதான். "ராத்திரி பகலா எழுதினோம் சார். லேப்ல அழகா ஓடும். வாங்கினவங்க முக்காவாசிப் பேர் அதை ஆன் பண்ணவே இல்ல" என்றான். ஏன் என்றேன். "அதைப் புரிஞ்சு செட் பண்றதுக்கு ஆள் வேணும். அந்த ஆளோட சம்பளத்துக்கு இன்னும் ரெண்டு மடங்கு வேகமான கம்பியே வாங்கிடலாம்."

இந்த வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டேன்.

அந்தப் பக்கம் ஈதர்நெட் என்ன செய்துகொண்டிருந்தது? ஒன்றும் செய்யவில்லை, வேகத்தை மட்டும் கூட்டிக்கொண்டிருந்தது. 10 மெகாபிட்டிலிருந்து 1995-ல் 100. 1998-ல் 1000. 2002-ல் 10,000. பொட்டலத்தின் வடிவம் மட்டும் மாறவில்லை, அதே 1500 பைட். பழையதும் புதியதும் ஒரே பாஷை பேசும். மோதலைத் தீர்த்த சுவிட்சை 1990-ல் முதலில் கொண்டுவந்த கம்பெனியின் பெயரைக் கேளுங்கள்: கல்பனா. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வினோத் பரத்வாஜ், லேரி பிளேருடன் சேர்ந்து தொடங்கியது. தன் மனைவியின் பெயரையே வைத்துவிட்டார். 1994-ல் சிஸ்கோ அதை வாங்கியது.

இப்போது மறுபடி கேட்டுக்கு வாருங்கள். அதே 12,000 பிட் கூட்ஸ். 64 ஆயிரம் பிட் வேகத்தில் 187.5 மில்லி விநாடி என்று பார்த்தோம். 10 மெகாபிட்டில் 1.2 மில்லி விநாடி. 1000 மெகாபிட்டில் 0.012. கேட் மூடியதே தெரியாது, சைக்கிள்காரன் கால் ஊன்றுவதற்குள் கூட்ஸ் போய்விடும். கூட்ஸைப் பெட்டி பெட்டியாகக் கழற்றியது எந்தக் காத்திருப்பைத் தவிர்க்கவோ, அந்தக் காத்திருப்பே இல்லாமல் போய்விட்டது. கழற்றிய செலவு மட்டும் மிச்சம்.

அதைவிடக் கொடுமை, வேகம் கூடக் கூட கழற்றுவதும் சேர்ப்பதுமே இடைஞ்சலாகிவிட்டது. நொடிக்கு 250 கோடி பிட் ஓடும் இழையில் ஒரு செல் 0.17 மைக்ரோ விநாடியில் போய்விடும். அந்த நேரத்துக்குள் வெட்ட வேண்டும், ஒட்ட வேண்டும், தவறு பார்க்க வேண்டும். அதற்கான சிப் கட்டுப்படியாகும் விலையில் அமையவில்லை. பெரிய இன்டர்நெட் கம்பெனிகள் பொட்டலத்தை அப்படியே இழையில் ஏற்ற ஆரம்பித்தன.

அவர்கள் அதற்கு முன்னால் ஏடிஎம்மை விரும்பிப் போட்டவர்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். 90-களின் நடுவில் ரவுட்டர்கள் மெதுவானவை. பொட்டலத்தின் முழு முகவரியைப் படித்து வழி தேட நேரம் எடுக்கும். ஏடிஎம் சுவிட்ச் மூட்டை எண்ணைப் பார்த்துத் தூக்கிப் போடும், வேகம். அதனால் நடுவில் ஏடிஎம், ஓரத்தில் ரவுட்டர் என்று கட்டினார்கள். ஒவ்வொரு ரவுட்டரிலிருந்தும் மற்ற எல்லாவற்றுக்கும் ஒரு பாதை. இது கைகுலுக்கல் கணக்கு, வகுப்பில் போட்டிருக்கிறோம். 10 ரவுட்டருக்கு 45 பாதை. 100 ரவுட்டருக்கு 4950. ஒரு ரவுட்டர் புதிதாகச் சேர்ந்தால் நூறு பாதை புதிதாகப் போட வேண்டும். ஒரு இழை அறுந்தால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பாதைகள் செத்து எல்லா ரவுட்டரும் ஒன்றாகக் கூச்சல் போடும். 1998-ல் ஜூனிப்பர் கம்பெனியின் எம்-40 என்ற ரவுட்டர் வந்தது. முகவரி தேடுவதையே சிப்பில் செய்துவிட்டார்கள். அதன் பிறகு நடுவில் ஏடிஎம் எதற்கு என்ற கேள்வி தானாக வந்தது.

2001-ல் தொலைத்தொடர்புப் பங்குகள் சரிந்தன. ஃபோர் சிஸ்டம்ஸை வாங்கிய கம்பெனி, அப்போது மார்கோனி என்று பெயர் மாற்றியிருந்தது, கிட்டத்தட்ட மூழ்கியது. சரிவுக்கு ஏடிஎம் மட்டும் காரணம் இல்லை, பேராசைதான் பெரிய காரணம். ஆனால் இன்னொரு கம்பெனியில் என் மாணவன் இருந்த குழு முழுதையும் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தை பிறந்து நாற்பது நாள். விசா கையில் தொங்குகிறது.

இதை அவன் என்னிடம் சொல்லவே இல்லை. 2001-ல் பொங்கல் வாழ்த்து வந்தது, 2002-லும் வந்தது. இரண்டிலும் "நலமாக இருக்கிறோம் சார்" என்றுதான் எழுதியிருந்தான். இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, மோடம் படம் போனதால், அன்று ராத்திரிதான் சொன்னான். ஏழு மாதம் வேலை இல்லாமல் இருந்தானாம். எனக்குப் பேச்சு வரவில்லை.

"அந்தச் சின்ன கம்பெனி என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "பெரிய கம்பெனி ஒண்ணு வாங்கிடுச்சு சார். அங்க ஆரம்பத்துல இருந்தவங்க நாப்பது வயசுலயே ரிட்டயர் ஆயிட்டாங்க" என்று சிரித்தான்.

நான் தப்பான வழி காட்டிவிட்டேனே என்றேன். அதற்கு அவன் சொன்னதை இங்கே பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் வரலாறு என்று எழுதும்போது தோற்றவனை முட்டாளாக்கிவிடுவது சுலபம். நானே மேலே கொஞ்சம் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

"சார், உங்க வீட்டு மோடத்துலயே பாருங்க. அந்தக் கம்பியில மேல போற வேகம் அந்தக் காலத்துல 256 ஆயிரம் பிட்னு வைங்க. 1500 பைட் போக எவ்வளவு?" போட்டுப் பார்த்தேன். 47 மில்லி விநாடி. "அங்க கேட் இன்னும் மூடித்தான் இருந்தது. மெதுவான கம்பிக்கு செல் சரியான யோசனை. நாங்க செஞ்ச தப்பு, மெதுவான கம்பிக்குக் கண்டுபிடிச்ச மருந்த வேகமான கம்பிக்கும் குடுத்தது." டிஎஸ்எல் பிராட்பேண்டு உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளுக்குள் ஏடிஎம் செல்லாகத்தான் போயிற்று. முதல் 3ஜி கோபுரங்களுக்குப் பின்னாலும் அதுவேதான் ஓடியது. பெரிய வலையில் தோற்றது, வீட்டு வாசலில் சத்தமில்லாமல் இருபது வருஷம் உழைத்தது. நானும் மகளும் அழுத முகத்தோடு பேசிய பேச்செல்லாம் 48 பைட்டாக நறுக்கித்தான் போயிருக்கிறது.

அவனுக்கு மறுபடி வேலை கிடைத்ததும் அதனால்தானாம். ஏடிஎம்மின் மூட்டை எண் யோசனையை மட்டும் எடுத்துக்கொண்டு, செல்லை விட்டுவிட்டு, முழுப் பொட்டலத்துக்கே ஒரு சின்னச் சீட்டு ஒட்டுகிற முறை வந்தது. எம்பிஎல்எஸ். 2001 ஜனவரியில் அதன் வரையறை வெளியானது. பாதையைப் பேசி முடித்து எண் போடுவது எப்படி என்று ஏற்கெனவே தெரிந்தவர்களைத் தேடினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் பெரிய வலைகள் பலவற்றின் நடுவில் அந்தச் சீட்டுதான் ஓடுகிறது. பெரிய ரவுட்டர்கள் பலவற்றின் வயிற்றுக்குள், வெளியே தெரியாமல், பொட்டலத்தை இன்னும் சின்னச் செல்லாக வெட்டித்தான் மாற்றுகிறார்கள் என்றும் சொன்னான்.

இதையெல்லாம் கேட்ட பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. அன்று திண்ணையில் அவன் தெளிவாகத்தான் விளக்கினான். எவ்வளவு வேகம், எவ்வளவு விலை, யார் பராமரிப்பார்கள் என்று நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஒழுங்கு என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். நோட்டும் பேனாவும் பக்கத்திலேயே இருந்தன. 12,000-ஐ 100 மெகாபிட்டால் வகுக்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்காது.

அவன் இந்தப் பதிவைப் படிப்பான். எண்களில் பிழை இருந்தால் கமெண்டில் அவனே திருத்துவான், மற்றவர்களும் திருத்தலாம். பேரன் மோடத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஸ்க்ரூடிரைவரோடு காத்திருக்கிறான். அந்தத் தாளை மட்டும் கிழிக்காமல் எடுத்துக் கொடு என்று சொல்லியிருக்கிறேன்.